இரவில் மனம் அடங்கக் கைவேலை ஒன்று கற்க விரும்புகிறேன்: எதில் தொடங்கலாம்?

வைகைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 26 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆவணியில் அடிக்கடி தலைசுற்றல் வந்ததால் மருத்துவரிடம் சென்றேன். இரத்த அழுத்தம் 160/100 இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைத்து நாள்தோறும் நடக்கச் சொன்ன அவர், நான் விடைபெறும் நேரத்தில், வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். செய்தி பார்ப்பேன், அதன் பிறகு உறங்கும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். கைக்கு ஒரு வேலை கொடுங்கள், வருமானத்தைக் கருதாமல் உங்களுக்கென்று ஏதாவது ஒன்றைச் செய்து பழகுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மாத்திரையாலும் நடையாலும் அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் படுத்தபின் அன்றைய வரவு செலவு வரிகள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எந்தச் சீட்டை எந்தக் கோப்பில் வைத்தேன் என்ற நினைப்பிலேயே நள்ளிரவு தாண்டிவிடுகிறது. மருத்துவர் சொன்னதை நம்பி இரண்டு முயற்சிகள் செய்தேன். முதலில் நீர்வண்ணப் பெட்டியும் தடித்த தாளும் வாங்கி வந்து அமர்ந்தேன். வெள்ளைத் தாளை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் எதை வரைவது என்று தோன்றாமல், அலுவலகத்தில் இருக்கும் பதற்றத்தைவிட அதிகப் பதற்றத்துடன் எழுந்தேன். பிறகு புல்லாங்குழல் வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் மிக நல்லவர். ஆனால் தேர்வு, மேடை என்று அவர் திட்டமிடத் தொடங்கியதும், வீட்டில் குழலை எடுக்கும்போதெல்லாம் வீட்டுப்பாடம் முடிக்காத மாணவனின் அச்சம் வந்தது. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன்.

கைவேலையால் உடல்நலத்துக்கு உண்மையாகவே பயன் உண்டா, அல்லது ஆறுதலுக்காகச் சொல்லப்படுவதா? பயன் உண்டென்றால், ஓவியமும் இசையும் ஒத்துவராத என்னைப் போன்ற ஒருவர் எதில் தொடங்கலாம்? இன்னொன்றையும் தயக்கத்தோடு கேட்கிறேன். சிறு வயதில் மார்கழி விடியலில் என் அக்கா கோலம் போடும்போது புள்ளி வைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த நேரத்தில் இருந்த அமைதியை அதன் பிறகு நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை. இந்த வயதில் ஓர் ஆண் கோலம் கற்க விரும்புவது பொருத்தமாக இருக்குமா?


காவிரிச்சாரல் எழுதியது:

வணக்கம் தம்பி. கும்பகோணத்தில் 33 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வயது 68 என்பதால் உங்களைத் தம்பி என்று அழைக்கிறேன்.

நீங்கள் தயங்கிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொருத்தம் பற்றிய ஐயமே வேண்டாம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்க முடியும் என்று காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974இல் வெளியிட்டார். கேரளத்தில் ஐந்து நிறப் பொடிகளால் தெய்வ உருவைத் தரையில் எழுதும் களமெழுத்தை வழிவழியாகச் செய்து வருபவர்களும் பெரும்பாலும் ஆண்களே. உங்கள் அக்காவுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்த அன்றே நீங்கள் கோலத்தில் பாதியைக் கற்றுவிட்டீர்கள். புள்ளி கோணினால் கோலம் கோணும் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெள்ளைத் தாள் முன் பதற்றம் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முதன்மையாகப் பட்டது அதுதான். வெறுந்தாளில் எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் முடிவெடுத்துக் களைத்தவருக்கு அது இன்னொரு அலுவலகம். சிக்குக் கோலத்தில் அப்படியில்லை. நெளிக் கோலம், கம்பிக் கோலம் என்றும் அதைச் சொல்வார்கள். கோடு எந்தப் புள்ளியின் மேலும் ஏறக் கூடாது, ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு போக வேண்டும், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். சில கோலங்கள் ஒரே கோட்டில் முடிந்துவிடும். சிலவற்றில் இரண்டு மூன்று கோடுகள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். இந்த விதிகளுக்குள் நின்றுகொண்டு, அடுத்த புள்ளியை வலப்பக்கம் சுற்றுவதா இடப்பக்கம் சுற்றுவதா என்ற சிறிய முடிவை மட்டும் கை எடுத்துக்கொண்டே போகிறது. அலுவலகக் கவலை உள்ளே நுழைய இடமில்லாத அளவுக்கு மனத்துக்கு வேலை இருக்கிறது. அது சலித்துப்போகும் அளவுக்கு அந்த வேலை கடினமாகவும் இல்லை.

எடுத்தவுடன் வாசலுக்குப் போக வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றும் பென்சிலும் போதும். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளியில், வரிசைக்கு 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளிகள் வைத்துத் தொடங்குங்கள். அது கைக்கு வந்தபின் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று 25 புள்ளிகள். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளியை வைப்பது இடைப்புள்ளி; அதற்குப் போகும்போது நடுவரிசையில் 7 வைத்து மேலும் கீழும் 4 வரை குறைத்துக்கொண்டு வந்தால் 37 புள்ளிகள் கிடைக்கும். ஒரே கோலத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் போடுங்கள். நாள்தோறும் புதிய கோலம் தேடிக் கைப்பேசிக்குள் போனால் உறக்கம் கெடும் பழைய வழிக்கே திரும்பிவிடுவீர்கள்.

மாவு எடுக்கும் நாள் வந்ததும் வேறொரு இன்பம் தொடங்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைப் பிடித்து மெல்ல விட வேண்டும். விரலிடுக்கிலிருந்து மாவு இறங்கும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துப்போனால்தான் கோடு சீராக விழும். கை அவசரப்பட்டால் கோடு மெலிந்து அறுந்துவிடும், தயங்கினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் கையை நிறுத்தும்போது மூச்சும் தானாகவே நிதானப்படுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்கிறேன். என் கணவர் மறைந்த ஆண்டு முழுவதும் எங்கள் வழக்கப்படி வாசலில் கோலம் இல்லை. நாற்பது ஆண்டுகளாக விடியலில் எழுந்து குனிந்த உடம்பு அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். என் மகள் அவளுடைய பழைய பள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் போடத் தொடங்கினேன். அந்த ஆண்டு நான்கு நோட்டுகள் நிறைந்தன. அவற்றில் அழகான கோலம் என்று சொல்ல அதிகம் இல்லை, ஆனால் அந்த நோட்டுகள் இல்லாமல் அந்த ஆண்டை நான் கடந்திருக்க மாட்டேன்.


கைநலம் எழுதியது:

வணக்கம் ஐயா. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையில் 18 ஆண்டுகளாகப் பணி செய்து வருகிறேன். பயன் உண்மையா, ஆறுதல் பேச்சா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

கைவேலை உடலையும் மனத்தையும் தேற்றும் என்ற எண்ணம் மருத்துவத்துக்குப் புதிதன்று. முதல் உலகப் போரில் காயமடைந்து வந்த வீரர்களுக்கு மருத்துவமனைகளிலேயே கூடை முடையவும் நெய்யவும் மரவேலை செய்யவும் கற்றுக் கொடுத்தார்கள். எங்கள் துறை வளர்ந்ததில் அந்தக் கூடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வெளிவந்த 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய் வராமல் தடுப்பதிலும், வந்த நோயைச் சமாளிப்பதிலும் கலைச் செயல்பாடுகள் துணை நிற்கின்றன என்பது அதன் முடிவு.

உங்கள் நிலைக்கு நெருக்கமான இரண்டு சிறிய ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடங்கள் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுத்தாள் ஆகியவற்றைக் கொண்டு விருப்பம்போல் எதையாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் அவர்களுடைய உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் சுரப்பு அது. ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அளவு குறைந்திருந்தது; கலையில் முன் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. 2016இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னோர் ஆய்வு 2005இல் வந்தது. 84 மாணவர்களுக்குச் சிறிது பதற்றத்தை உண்டாக்கியபின், சிலரை மண்டலம் எனப்படும் வட்டக் கோல வடிவத்துக்கும் சிலரைக் கட்டம் போட்ட வடிவத்துக்கும் வண்ணம் தீட்டச் சொன்னார்கள்; மற்றவர்களுக்கு வெறுந்தாளைக் கொடுத்தார்கள். வடிவம் கிடைத்த இரு குழுவினருக்கும் பதற்றம் தணிந்தது, வெறுந்தாள் கிடைத்தவர்களுக்கு அந்த அளவு தணியவில்லை. நீங்கள் நீர்வண்ணப் பெட்டியோடு பட்ட பாடும், ஆசிரியை அம்மா புள்ளிகளைப் பற்றிச் சொன்னதும் இதோடு ஒத்துப்போவதைப் பார்த்து மகிழ்ந்தேன். உங்களிடம் கலை உணர்வு இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்ட வேண்டாம். களைத்த மனத்துக்குப் பற்றிக்கொள்ள ஒரு சட்டகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இவற்றை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தலாம் என்றோ நடையைக் குறைக்கலாம் என்றோ யாரும் எண்ணிவிடக் கூடாது. கைவேலை அவற்றோடு சேர்ந்து நிற்கும் துணை.

தரையில் கோலம் போடும் நாள் வரும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் நெடுநேரம் குனிந்திருந்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றக்கூடும். ஆகவே தாழ்வான பலகை ஒன்றைப் போட்டு அமர்ந்து போடுங்கள், எழும்போது ஒரு கையைத் தரையிலோ சுவரிலோ ஊன்றி மெல்ல எழுங்கள். முழங்கால் வலி இருந்தால் குந்துவதை விட்டுவிடுங்கள். இந்த வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும்; இரவில் நோட்டில் போடுவதற்குக் கண்ணாடியும் இடப்பக்கத்திலிருந்து விழும் நல்ல வெளிச்சமும் வேண்டும். நீங்கள் இடக்கைப் பழக்கம் உள்ளவரென்றால் வெளிச்சம் வலப்பக்கம் இருக்கட்டும்.


முடிச்சு எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் சேலம் பக்கத்துக்காரி, வயர்க் கூடை பின்னுகிறேன். கோலம் உங்களுக்குப் பிடித்துப்போனால் நல்லது. ஒருவேளை கண் களைத்து, பார்க்காமல் செய்யும் வேலை ஒன்று தேவைப்பட்டால் வயரையும் முயன்று பாருங்கள். சாதாரண முடிச்சில் தொடங்கலாம். ஒரு வயரை மடித்து வளையமாக்கி, மற்றொன்றை அதற்குள் நுழைத்துத் திருப்பி, நான்கு முனைகளையும் ஒருசேர இழுத்தால் முடிச்சு சதுரமாக வந்து அமரும். அமரும்போது வயர் உரசிச் சிறிய ஒலி எழும். சரியாக விழுந்த முடிச்சையும் தவறாக விழுந்ததையும் அந்த ஒலியை வைத்தே கை அறிந்துகொள்ளும். சில நூறு முடிச்சுகள் போட்டபின் பேசிக்கொண்டே பின்னலாம். நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் என்று நிறைய வகைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு இப்போது அவசரமில்லை.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. என் இரண்டாவது பிள்ளை பிறந்தபின் காரணம் தெரியாமல் அழுகை வரும். பக்கத்து வீட்டு அத்தை கற்றுக் கொடுத்த இந்தக் கூடைதான் என்னை மெல்ல மெல்ல மீட்டது. பின்னுவதைப் பார்த்தவர்கள் எனக்கொன்று, எனக்கொன்று என்று கேட்டார்கள். பிறகு ஒரு கடைக்காரர் மாதம் 30 கூடை கேட்டார். வீட்டுக்குப் பணம் வந்தது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் கடைக்காரரின் நிறப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பின்னியபோது, அதே வயர், அதே முடிச்சு, அதே விரல்கள், ஆனால் என் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வீங்கியது. பேரனுக்குச் சாப்பாட்டுக் கூடை கேட்ட அத்தைக்கே நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நாளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது மாதம் 10 கூடைக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. அவை போக, எப்போதும் ஒரு கூடையை யாருக்கென்று முடிவு செய்யாமல் தனியாகப் பின்னிக்கொண்டிருப்பேன். அதற்கு நாள் கணக்கு கிடையாது, பிடிக்கவில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். உங்கள் குழல் வகுப்பில் தேர்வு என்ற சொல் செய்த வேலையை எனக்குப் பட்டியல் செய்தது. நீங்கள் போடும் கோலத்தைப் படமெடுத்துப் போட்டுப் பாராட்டு எண்ணத் தொடங்கினாலும் அதுவே நடக்கும். முதல் சில மாதங்களாவது அந்த நோட்டை உங்களுக்கு மட்டுமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.


நடுச்சாமம் எழுதியது:

மற்றவர்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்களுக்கு இரத்த அழுத்தமும் உறக்கக் குறையும் சேர்ந்து இருக்கின்றன. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். என் தந்தைக்கு அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அவர் மனக்கவலைக்காரர் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.


வைகைக்கரையான் மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கார்த்திகையில் கேட்ட கேள்விக்குத் தை மாதத்தில் நடந்ததைச் சொல்வதுதான் முறை என்று எழுதுகிறேன்.

குறட்டை பற்றி வீட்டில் கேட்டேன். திணறல் எதுவும் இல்லை என்றார்கள். இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் முதலில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொன்னார். அது இருந்த இடத்தில் இப்போது கணக்கு நோட்டு இருக்கிறது.

முதல் வாரம் 13 புள்ளிக் கோலம்கூட எனக்கு மூடவில்லை. ஒரு புள்ளியை விட்டுவிட்டு வந்துவிடுவேன், அல்லது போன கோட்டிலேயே திரும்பிப் போய்விடுவேன். அலுவலகத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை எழாதவன் நான். இங்கேயும் அப்படித்தான் முதலில் நோட்டோடு மல்லுக்கு நின்றேன். சகோதரி சொன்ன பிரித்துவிட்டு மறுபடி தொடங்கும் கூடை நினைவுக்கு வந்தது. அதிலிருந்து, மூடாத கோலத்தை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தொடங்குகிறேன். இரவு உணவுக்குப் பிறகு அரை மணி நேரம், இரண்டு பக்கங்கள். எல்லா இரவும் உடனே உறக்கம் வருகிறது என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக் கணக்குத் தணிக்கை நடந்த வாரத்தில் பழையபடி விழித்துக் கிடந்தேன். ஆனால் பெரும்பாலான இரவுகளில் படுத்தபின் கண்ணுக்குள் வருவது வரவு செலவு வரிகள் இல்லை, புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு போகும் கோடு. அது எங்கே மூடுகிறது என்று பார்ப்பதற்குள் உறங்கிவிடுகிறேன்.

மார்கழியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை போட்டு அமர்ந்து வாசலில் போட்டேன். மாவு விடுவது நோட்டைப் போலவே இல்லை; ஆசிரியை அம்மா சொன்னபடி தயங்கிய இடமெல்லாம் குவிந்துவிட்டது. பொங்கலுக்கு வந்திருந்த என் அக்காவுக்கு இப்போது முழங்கால் மடக்க முடிவதில்லை. நாற்காலியில் அமர்ந்துகொண்டு, இடது பக்கம் இரண்டாவது புள்ளி தள்ளிப் போயிருக்கிறது பார் என்று அவள் சொல்லச் சொல்ல, 25 புள்ளிக் கோலத்தை நான் போட்டு முடித்தேன். முடிந்ததும் காவியை அவளே கேட்டு வாங்கி, குனிந்து ஓர் ஓரத்தில் மட்டும் கரை கட்டினாள்.

காவிரிச்சாரல் அம்மாவுக்கு ஒரு கேள்வி. இடைப்புள்ளியில் 7 தொடங்கி 4 வரை போடும்போது, நடுவரிசையின் வலது முனைப் புள்ளியைச் சுற்றித் திரும்பும் இடத்தில் என் கோடு ஒவ்வொரு முறையும் உள்ளே போகாமல் ஓரமாகவே ஓடி, தனியாக ஒரு வளையமாக மூடிவிடுகிறது. நடுவில் இருக்கும் புள்ளிகள் தனியே நின்றுவிடுகின்றன. அந்த முனையில் கோட்டை முதலில் மேல்வரிசைக்குத் திருப்ப வேண்டுமா, அல்லது அதற்கு முந்தைய புள்ளியிலேயே குறுக்கே வெட்டி உள்ளே இறங்கிவிட வேண்டுமா?